இரண்டு கார்டு, இரண்டு ஓட்டம்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, ஒரே கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு. காலையில் இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்தேன். சாயங்காலத்துக்குள் விலகிவிட்டது. ஏன்?

தம்பி, நீங்கள் திருத்தியது நேரத்தை. வேகத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு கார்டிலும் ஒரு குவார்ட்ஸ் படிகம் தன் போக்கில் துடிக்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு நாளில் 86.4 மில்லிசெகண்ட் தள்ளிப்போகும். நெட்வொர்க் கம்பிகளுக்கான ஈத்தர்நெட் தரம் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை விட்டுவைத்திருக்கிறது! லினக்ஸில் ‘பிஎச்சி2சிஸ்’ (phc2sys) நிரலை ஓடவிடுங்கள். ஒரு கார்டை மூலமாகவும் மற்றதைப் பின்தொடர்வதாகவும் கொடுத்தால், அது ஓட்டத்தையே விடாமல் திருத்திக்கொண்டிருக்கும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அந்த பிஎச்சி2சிஸ் ஓடும்போது வரிவரியாக எண்கள் வருகின்றன. எதைப் பார்க்க?

எல்லோரும் ஆஃப்செட்டையே, அதாவது இரண்டு கடிகாரத்துக்கும் அந்த நேரத்தில் உள்ள வித்தியாசத்தையே பார்க்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம் பக்கத்தில் வரும் ‘ஃப்ரீக்’. நூறு கோடியில் எத்தனை பங்கு திருத்தம் நடக்கிறது என்பது அது. 8450 என்று இருந்தால், திருத்தாமல் விட்டால் நாளொன்றுக்கு முக்கால் வினாடி தப்பும் என்று அர்த்தம். ‘எஸ்2’ என்று வந்துவிட்டால் பிடி கிடைத்துவிட்டது, பின்தொடரும் கடிகாரம் மூலத்தோடு ஒட்டிக்கொண்டது. அப்புறமும் ஃப்ரீக் மெல்ல நகர்ந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் சூடுதான். டேபிள் ஃபேனை என் கார்டின் பக்கம் திருப்பிவிட்டுத் திரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே எண் ஒரு பக்கமாக ஊர்ந்தது. நம்மூர் சித்திரை வெயிலில் ஏசி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கார்டுகளைக் காற்று சீராகப் படும் இடத்தில் வையுங்கள்.

பணகுடியிலிருந்து, காற்றாலைத் தளத்தில் வேலை: கார்டு நேரம் கணினியைவிடச் சரியாக 37 வினாடி முன்னால் நிற்கிறது. பழுதா?

இல்லை. நெட்வொர்க் வழியாகத் துல்லியமாக நேரம் சொல்லும் பிடிபி முறைப்படி கார்டு டிஏஐ எனும் அணுக்கடிகார நேரத்தில் ஓடுகிறது, கணினி யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில். 2017 முதல் இடைவெளி 37 வினாடிதான்.

வள்ளியூரிலிருந்து: சிங்க்-இ (சிங்க்ரனஸ் ஈத்தர்நெட்) இருந்தால் பிடிபி வேண்டாம்தானே?

வேண்டும். சிங்க்-இ கம்பியில் வரும் துடிப்பிலிருந்து வேகத்தை எடுத்துக் கொடுக்கும். மணி என்ன என்று சொல்லாது. அதைச் சொல்வது பிடிபி. இரண்டையும் சேர்த்துத்தான் செர்ன் எனும் ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ‘ஒயிட் ராபிட்’ நேர ஒத்திசைவு முறை நானோசெகண்டுக்கும் கீழான துல்லியத்துக்குப் போகிறது. ஆனால் சிங்க்-இக்கு வழியிலுள்ள ஒவ்வொரு சுவிட்சும் ஒத்துழைக்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் இரண்டு கார்டு என்றால் அந்தச் செலவு எதற்கு? முதல் பதிலில் சொன்ன நிரலே போதும்.