மவுஸ் தானாக நகர்ந்தால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள்

கேள்வி: செங்கோட்டையில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கிறேன். புளியரை வழியாகப் புனலூர், கொல்லத்துக்கு லோடு போகிறது. போன வாரம் ஒரு புது வியாபாரி பெயரில் வாட்ஸ்அப்பில் 'லோடு பில்' வந்தது. கடை கம்ப்யூட்டரில் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. நாலு நாளாக மவுஸ் தானாக நகர்கிறது. நேற்று ராத்திரி பேங்க் பக்கமே தானாகத் திறந்தது. ஆன்டிவைரஸ் 'பிரச்சினை இல்லை' என்கிறது. ஃபார்மேட் போட்டால் போதுமா?

பதில்: போதும். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன, அவற்றின் வரிசை மாறக் கூடாது.

நெட் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். உங்களுக்கு வந்திருப்பது பேக்டோர், அதாவது வெளியாள் நினைத்தபோது உள்ளே வர ஒரு பின்வாசல். நெட் இல்லாவிட்டால் அவனால் வர முடியாது. அடுத்து உங்கள் போனிலிருந்து பேங்க், மெயில், ஜிஎஸ்டி, இ-வே பில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மெயிலில் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து புது பாஸ்வேர்டு அடிக்கிறார்கள், அடித்த கையோடு அதுவும் அவனுக்குப் போய்விடுகிறது. பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் பேங்குக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். கேரளத்தில் கேட்டாலும் இதே எண்தான்.

இனி அந்தப் பின்வாசலைத் திறந்து வைத்திருக்கும் நிரலைத் தேடுவோம். பிரவுசரை மூடிவிட்டு ஐந்து நிமிடம் மட்டும் நெட்டைக் கொடுங்கள். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியிலிருந்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, 'நெட்வொர்க்' பக்கத்தில் 'டிசிபி கனெக்ஷன்ஸ்' பாருங்கள். எந்த நிரல் எந்த வெளி முகவரியோடு பேசுகிறது என்று வரிவரியாகத் தெரியும். 127.0.0.1 உங்கள் கம்ப்யூட்டரேதான், அதை விடுங்கள். 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற பெயர் பல தடவை வரும், அது விண்டோஸின் சொந்த நிரல். எழுத்தை இடம் மாற்றி 'எஸ்சிவிஹோஸ்ட்' என்று ஒன்று உட்கார்ந்திருந்தால் அது திருடன். எழுத்து சரியாக இருந்தாலும் டாஸ்க் மேனேஜரில் வலது கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' கொடுங்கள். உண்மையானது விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'சிஸ்டம்32'-இல் இருக்கும். 'ஆப்டேட்டா', 'டெம்ப்', 'பப்ளிக்' ஃபோல்டர்களிலிருந்து அதே பெயரில் ஓடுவது போலி. அந்த ஃபைல் உருவான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பில் வந்த நாளோடு பொருந்தினால் எந்த வழியாக வந்தது என்பது தெரிந்துவிடும்.

எனி டெஸ்க் போன்ற, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் மென்பொருள் நீங்கள் போடாமலே இருக்கிறதா என்றும் பாருங்கள். அது முறையான மென்பொருள் என்பதால் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் வாய் திறக்காது. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலையும் திறந்து பாருங்கள். சி டிரைவ் முழுவதும் அதில் சேர்க்கப்பட்டிருந்தால், விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அங்கே எதையும் சோதிக்காது. அப்படி இருந்தால் நீக்குங்கள். டிஃபெண்டரை அப்டேட் செய்துவிட்டு நெட்டைத் திரும்பக் கழற்றி, 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடுவதால், ஒளிந்திருக்கும் நிரலுக்குத் தன்னை மறைக்க வாய்ப்பு குறைவு.

ஸ்கேன் எதையாவது பிடித்து நீக்கினாலும், பேங்க் வேலை நடக்கும் கம்ப்யூட்டரை அத்தோடு நம்பாதீர்கள். உள்ளே வந்தவன் டாஸ்க் ஷெட்யூலரில் ஒன்று, சர்வீஸில் ஒன்று, புதிதாக ஒரு யூசர் கணக்கு என்று மூன்று நான்கு சாவிகளை வைத்துவிட்டுப் போவான். நாம் ஒன்றை எடுத்தால் மறு ஸ்டார்ட்டில் இன்னொன்று அதைத் திரும்ப இறக்கும். ஃபார்மேட் தேவைப்படுவது இதனால்தான்.

வேறொரு நல்ல கம்ப்யூட்டரில், குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸை ஏற்றுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், கம்ப்யூட்டர் இடம் கொடுத்தால் 11-ஐயே போடுங்கள். டேலி டேட்டா ஃபோல்டர், பிடிஎஃப், படங்களை வேறொரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். செட்டப் ஃபைல்கள், ஷார்ட்கட்கள், மேக்ரோ உள்ள எக்ஸெல், கிராக் மென்பொருள் எதுவும் வேண்டாம். இன்ஸ்டால் செய்யும்போது அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் அழியுங்கள். 'டி டிரைவில் பழசெல்லாம் இருக்கிறதே' என்று விட்டுவைத்தால், அதே 'லோடு பில்' அங்கிருந்து மறுபடி எழும்.

புது விண்டோஸில் முதல் வேலையாக, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸைக் காட்டச் சொல்லுங்கள். 'லோடு பில்.பிடிஎஃப்' என்று தெரிந்தது உண்மையில் 'லோடு பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ', அதாவது திறந்தவுடன் ஓடும் நிரலாக இருந்திருக்கலாம். விண்டோஸ் வழக்கமாகக் கடைசி எழுத்துகளை மறைத்துவிடும். தினசரி வேலைக்கு அட்மின் அல்லாத தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று விட்டுப்போகக் கூடாது. கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்தே இருந்திருக்கும். போனில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். இந்த நாலு நாளில் உங்கள் பெயரில் அதே பில் புனலூர், கொல்லம் வியாபாரிகளுக்குப் போயிருக்கக்கூடும். மெசேஜ் வேண்டாம், ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டே சொல்லுங்கள்.