கார்டில் எடுத்த படம் திறக்கவில்லையா? கடலூரிலிருந்து ஒரு கேள்வி பதில்

மஞ்சக்குப்பத்தில் பதினெட்டு வருடம் ஸ்டுடியோ நடத்தினேன். இப்போது நான் படம் எடுப்பது குறைவு, அடுத்தவர் தொலைத்த படத்தைத் தேடிக் கொடுப்பதுதான் அதிகம். ஞாயிறு சாயங்காலம் சும்மாதான் இருக்கிறேன், மெமரி கார்டு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயைக் கொடுத்ததும் நான்தான். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

வில்லியனூர்: அண்ணே, நேற்று காலை முகூர்த்தம். மண்டபத்தில் பார்த்தவரை எல்லாப் படமும் இருந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகினால், ஃபார்மேட் செய்தால்தான் திறக்கும் என்கிறது. இன்னும் அழுத்தவில்லை. கை நடுங்குகிறது.

அழுத்தாமல் இருந்தீர்களே, பாதி பிழைத்தீர்கள். கார்டை வெளியே எடுத்து, ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளுங்கள். அது வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். அது எங்கே நிற்கிறது என்று பார்த்து, எழுதாமல் இருக்க வேண்டியது ரீடரின், அதாவது கார்டைச் செருகும் கருவியின் பொறுப்பு. இருந்தாலும் தள்ளி வையுங்கள்.

அப்புறம் அதே கார்டைக் கேமராவில் போட்டுப் பாருங்கள். அங்கே படம் தெரிந்தால் பெரும்பாலும் ரீடர்தான் குற்றவாளி. கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை, பொதுவாக 32 ஜிபி வரை ஃபேட்32, அதற்கு மேல் எக்ஸ்ஃபேட். பழைய ரீடரும் பழைய கம்ப்யூட்டரும் 64 ஜிபி கார்டைப் பார்த்தால் இப்படித்தான் முழிக்கும். வேறு ரீடர் வாங்குங்கள், இல்லையென்றால் கேமராவையே கேபிளில் இணைத்துப் படங்களை இறக்குங்கள்.

கேமராவிலும் தெரியவில்லையா? பயப்படாமல் கேளுங்கள். கார்டில் படங்கள் ஒரு பக்கம், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பதிவேடு ஒரு பக்கம். தாலுகா ஆபீஸ் சிட்டா மாதிரி. சிட்டா கிழிந்தால் நிலம் காணாமல் போகாது, புல எண் தெரியாமல் அலைவோம், அவ்வளவுதான். ஆனால் அந்த நிலத்தில் வேறு யாராவது வீடு கட்டிவிட்டால் கதை முடிந்தது. நீங்கள் அந்தக் கார்டில் எடுக்கும் ஒவ்வொரு புதுப் படமும் ஒரு வீடு. ஆகவே அந்தக் கார்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

லினக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால், டிடிரெஸ்க்யூ என்ற நிரலைப் போட்டு முழுக் கார்டையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், மற்றதை எல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில் திரும்பி வந்து அதோடு மல்லுக்கட்டும். சாகக் கிடக்கும் கார்டுக்கு அதுதான் சரியான வைத்தியம். பிறகு அந்தப் பிரதியில் போட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டுங்கள். இலவசம். எழுதியவர் கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர், புதுச்சேரிப் பக்கத்தாருக்கு ஒரு சந்தோஷம். இது பதிவேட்டைப் பார்க்கவே பார்க்காது. முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே போய், ஜேபெக் (கேமரா வழக்கமாகச் சேமிக்கும் படக் கோப்பு) தொடங்கும் அடையாளம் தெரிகிற இடத்திலெல்லாம் ஒரு படத்தைத் தோண்டி எடுக்கும். தோண்டியதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். அதே கார்டில் சேமித்தால் நீங்களே வீடு கட்டுகிறீர்கள்.

முத்தியால்பேட்டை: நண்பரின் மேக்கில் போட்டு எடுத்த கார்டு. ஒவ்வொரு படத்துக்கும் இரட்டைப் பிள்ளை மாதிரி, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட இன்னொரு கோப்பு. 4 கேபிதான் இருக்கிறது, திறக்கவில்லை.

அது படமே இல்லை, மேக் தன் சொந்தக் குறிப்பை எழுதி வைத்த துண்டுச் சீட்டு. அழித்துவிடுங்கள்.

பண்ருட்டி: பிரிண்ட் போடக் கடையில் கொடுத்து வாங்கினேன். இப்போது ஃபோல்டர் இருந்த இடத்தில் ஷார்ட்கட் மட்டும் இருக்கிறது.

வைரஸ். படங்கள் உள்ளேயே மறைந்திருக்கின்றன. அந்த ஷார்ட்கட்டை மட்டும் கிளிக் செய்யாதீர்கள். கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் கட்டளை கொடுத்து மறைப்பை எடுத்தால் ஃபோல்டர் திரும்ப வரும். படத்தை வெளியே எடுத்த பிறகு கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். அடுத்த முறை கடைக்குத் தனி பென்டிரைவ் கொண்டு போங்கள். ஊர் முழுக்கக் கைமாறும் கம்ப்யூட்டரில் கேமரா கார்டைச் செருகாதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: கேமரா திரையில் குட்டியாகத் தெரிகிறது, பெரிதாக்கினால் வரவில்லை. சில படங்கள் கம்ப்யூட்டரில் மேல்பாதி நன்றாக, கீழ்ப்பாதி சாம்பலாக இருக்கின்றன. சரிசெய்ய முடியுமா?

இது நல்ல கேள்வி. ஒரு ஜேபெக்குக்குள் படம் ஒன்று அல்ல, குறைந்தது இரண்டு. முன்பக்கத்தில் 160க்கு 120 புள்ளியில் ஒரு குட்டிப் படம், பின்னால் நிஜப் படம். குட்டி பிழைத்து, பெரியது அடிபட்டால், நீங்கள் சொன்ன காட்சிதான் வரும்.

சாம்பல் ஏன்? ஜேபெக் மேலிருந்து கீழாக, ஒன்றை அடுத்து ஒன்றாகச் சுருட்டி எழுதப்பட்டது. நடுவில் நாலு பிட் பிசகினால், அதற்குக் கீழே உள்ளதை எப்படிப் பிரிப்பது என்று மென்பொருளுக்குத் தெரியாது. பாடலீஸ்வரர் கோயில் தேர்ப் படம் ஒன்று என்னிடம் வந்தது. உச்சியும் கொடியும் பளிச்சென்று இருந்தன. வடம் பிடித்தவர்கள் தோளுக்கு வரும்போது எல்லாரும் பச்சை. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே சாம்பல்.

கோப்பின் உள்ளே இருப்பதை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். எஃப்எஃப் டி8 என்று தொடங்கி எஃப்எஃப் டி9 என்று முடிந்தால் உடம்பு இருக்கிறது, உள்காயம்தான். தொடக்கம் மட்டும் சிதைந்திருந்தால், அதே கேமராவில் அதே அளவில் எடுத்த நல்ல படத்தின் தலைப்பகுதியை வெட்டி ஒட்டிப் பார்க்கலாம், எனக்குச் சில முறை பலித்திருக்கிறது. திறந்ததும் வரிசையாகப் பூஜ்யமாகவே இருந்தால் அங்கே எதுவுமே எழுதப்படவில்லை. 'கண்டிப்பாக மீட்டுத் தருகிறோம்' என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். நீங்கள் ரா (RAW, கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் மூலக் கோப்பு) வடிவில் எடுப்பவர் என்றால் ஒரு அதிர்ஷ்டம்: ராவுக்குள் கேமரா ஒரு பெரிய ஜேபெக்கையும் வைத்திருக்கும். ரா திறக்காவிட்டாலும் எக்ஸிஃப்டூல் என்ற நிரலால் அதை மட்டும் பிடுங்கி எடுக்கலாம், பல கேமராக்களில் அது ஆல்பம் போடும் அளவுக்கே இருக்கும்.

நெய்வேலி: சார், கார்டு போட்டால் ஃபார்மேட் கேட்கிறது.

வில்லியனூருக்குச் சொன்னதைப் படியுங்கள். புதுப் படம் எடுக்காதீர்கள்.

அரியாங்குப்பம்: போன் செத்துவிட்டது. உள்ளே இருந்த மைக்ரோ கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டால் காலி என்கிறது. ஐந்து வருடப் படம்.

அந்தக் கார்டைப் போனில் முதன்முதலில் போட்டபோது 'போனின் உள் சேமிப்பாகப் பயன்படுத்து' என்று கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் கார்டு முழுக்க மறையாக்கம் ஆகியிருக்கும், சாவி அந்தப் போனுக்குள் இருக்கும். கார்டோடு எவ்வளவு போராடினாலும் பயனில்லை, போனை உயிர்ப்பிக்கப் பாருங்கள். ரீசெட் மட்டும் செய்ய விடாதீர்கள், சாவி போய்விடும். கொடுக்கவில்லை என்றால் வில்லியனூர் வழிதான்.

கடலூர் துறைமுகம்: லென்ஸில் பூஞ்சை, என்ன செய்வது?

என் வேலை இல்லை. லென்ஸ் பிரித்துத் துடைப்பவரிடம் போங்கள்.

நெல்லிக்குப்பம்: 128 ஜிபி ஒன்று வாங்குவதா, 32 ஜிபி நாலு வாங்குவதா? நாலுதான் நல்லது என்பேன். ஒன்று செத்தாலும் மூன்று மிஞ்சும்.

லாஸ்பேட்டை: மிஞ்சுமா? மண்டபத்தில் ஆரத்தித் தட்டுக்கும் மொய்ப் பைக்கும் நடுவில் நகம் அளவுக் கார்டை மாற்றிப் பாருங்கள். என் உதவியாளர் ஒன்றை எங்கே வைத்தான் என்று இன்றுவரை தெரியாது.

நெல்லிக்குப்பம்: அது உதவியாளர் பிரச்சினை, கார்டு பிரச்சினை இல்லை.

லாஸ்பேட்டை: கல்யாண வீட்டுக்காரரிடம் போய் அப்படிச் சொல்லுங்கள்!

சரி, இருவரும் நிறுத்துங்கள். மற்றவர் கேள்வியெல்லாம் கீழே தேங்கி நிற்கிறது. ஆனாலும் எனக்கும் வாய் அரிக்கிறது.

24 மெகாபிக்சல் ஜேபெக் ஒன்று சுமார் 10 எம்பி. 32 ஜிபியில் மூவாயிரம் படம் கொள்ளும். முதல் நாள் ரிசப்ஷன் ஒரு கார்டு, காலை முகூர்த்தம் ஒரு கார்டு போதும். நாலு எதற்கு? என் அனுபவம் லாஸ்பேட்டை பக்கம்தான். சட்டைப் பையோடு வாஷிங் மெஷினில் சுற்றி வந்த கார்டு ஒன்றை இரண்டு நாள் காயவைத்துப் படம் எடுத்திருக்கிறேன். தொலைந்த கார்டிலிருந்து ஒரு படமும் எடுத்ததில்லை. நெல்லிக்குப்பம் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஒரே கார்டு செத்தால் தாலி கட்டும் படமும் போகும். ஆகவே இரண்டு கார்டு போடும் கேமரா வாங்குங்கள், இரண்டிலும் ஒரே படம் பதியட்டும். ஒன்றுதான் போட முடியும் என்றால், ரிசப்ஷன் முடிந்ததும் மாற்றுங்கள், நடுவில் தொடாதீர்கள். நிறைந்த கார்டைப் பெட்டியில் குப்புற வையுங்கள், காலியை நிமிர்த்தி வையுங்கள். இருட்டு மண்டபத்திலும் குழம்பாது.

நெல்லிக்குப்பம்: இரண்டு கார்டு போடும் கேமரா வாங்கக் காசை யார் தருவது?

நான் இல்லை. அடுத்தவர்.

தேவனாம்பட்டினம்: சில்வர் பீச்சில் அலை அடித்துக் கேமரா நனைந்தது. கார்டை அரிசியில் போட்டிருக்கிறேன்.

அரிசியைச் சோறாக்குங்கள். தண்ணீரைவிட உப்புதான் எமன். கார்டைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, நிழலில் இரண்டு நாள் காயவையுங்கள். ஈரத்தோடு ரீடரில் செருகவே கூடாது. காய்ந்த பிறகு பின்கள் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேமராவை ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

உப்பளம்: ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது, 256 ஜிபி. முதல் இருநூறு படம் சரி, அதற்குப் பிறகு எதுவும் திறக்கவில்லை.

கார்டு 256 என்று பொய் சொல்கிறது. உள்ளே 8 ஜிபியோ 16 ஜிபியோதான் இருக்கும். அது நிறைந்த பிறகு எழுதியதெல்லாம் காற்றில் எழுதியது. மீட்க எதுவும் இல்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற சோதனை நிரல் கொண்டு, வாங்கிய அன்றே முழுக் கார்டையும் எழுதிப் படித்துப் பாருங்கள்.

விருத்தாசலம்: ஃபார்மேட் கேட்கிறது அண்ணே, செக்டிஸ்க் ஓட்டலாமா?

வேண்டாம்! பிரதி எடுக்கும் முன் ஓட்டாதீர்கள். அது பதிவேட்டைத் திருத்துகிறேன் என்று கார்டிலேயே எழுதும், படங்களைத் துண்டு துண்டாக்கி சிஎச்கே என்ற பெயரில் வைத்துவிட்டுப் போகும். மற்றதெல்லாம் வில்லியனூர், வில்லியனூர், வில்லியனூர்.

வில்லியனூர்: அண்ணே, நான்தான். கேமராவிலும் தெரியவில்லை. நீங்கள் சொன்னபடி பிரதி எடுத்துப் போட்டோரெக் ஓட்டினேன். 1,140 படம் வந்துவிட்டது, தாலி கட்டும் படமும் இருக்கிறது. ஆனால் பெயரெல்லாம் எஃப் போட்டு ஏதோ எண்கள். இதை எப்படி வரிசைப்படுத்துவது? கார்டை ஃபார்மேட் செய்து நாளை சீர்காழி கல்யாணத்துக்கு எடுத்துப் போகலாமா?

பெயர் பதிவேட்டோடு போய்விட்டது, திரும்ப வராது. எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே இருக்கிறது, எக்ஸிஃப்டூலால் அந்தத் தேதியையே பெயராக மாற்றிக்கொள்ளுங்கள், வரிசை தானாக வந்துவிடும். கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள், சீர்காழிக்கும் கொண்டு போகாதீர்கள். ஒருமுறை படுத்த கார்டு, முகூர்த்தத்துக்கு நம்பக் கூடாது. பெண் வீட்டார் கைக்கு ஆல்பம் போய்ச் சேரும்வரை மேசை டிராயரில் கிடக்கட்டும். நாளைக்குப் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்.