கனடாவின் கனோலா விவசாயிகளுக்கு மகசூல் கணிப்பின் மீதும் ரயில் செலவின் மீதும் ஏன் இவ்வளவு கோபம்?

சஸ்காட்செவான் மாகாணத்தில் ஒரு கனோலா பண்ணையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். விதைப்பிலும் இருப்பேன், அறுவடையில் தானிய லாரியும் ஓட்டுவேன். நிலம் என்னுடையது இல்லை. ஆனால் எடைச்சீட்டில் விழும் எண்ணை முதலாளிக்கு முன்னால் பார்ப்பவன் நான்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கனோலா கடுகுக்கு உறவுக்கார எண்ணெய் வித்துப் பயிர். ரேப்சீட் செடியிலிருந்து, உடலுக்கு ஆகாது என்று சொல்லப்பட்ட எரூசிக் அமிலம் குறைவாக இருக்கும்படி 1970களில் கனடாவிலேயே உருவாக்கினார்கள். பெயரின் முதல் பாதியே கனடாதான். சஸ்காட்செவான், ஆல்பர்ட்டா, மானிட்டோபா மூன்றிலும் ஜூலையில் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள்.

அந்த ஜூலையில்தான் பிரச்சினையும் ஆரம்பிக்கிறது. பூக்கும் நேரத்தில் வெயில் 30 டிகிரியைத் தாண்டி நாலைந்து நாள் நின்றால் பூ கருகிக் கொட்டிவிடும். 2024இல் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. ஆகஸ்டில் வயலுக்குள் போனால் செடி இடுப்புயரம், நல்ல பச்சை. ஒரு காம்பைப் பிடித்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினால், காய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. இருக்கிற காயை உரித்தால் உள்ளே பாதி இடம் காலி. ரோட்டிலிருந்து பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது.

கனடாவின் புள்ளிவிவர நிறுவனம் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வெளியிடும் மகசூல் கணிப்பு, செயற்கைக்கோள் அளக்கும் பயிரின் பசுமையையும் வானிலைத் தரவையும் வைத்துப் போடுகிற கணக்கு. டிசம்பரில் வருவது விவசாயிகளைக் கேட்டு எடுக்கிற கணக்கு. 2024 செப்டம்பரில் நாடு முழுக்க 190 லட்சம் டன் கனோலா என்றார்கள். டிசம்பரில் அது 178 லட்சம் ஆனது. அடுத்த வருடம் திருத்தி 192 லட்சம் என்றார்கள். 2025இல் நேரெதிர்: ஆகஸ்டில் 199 லட்சம், டிசம்பரில் 218 லட்சம்.

2024இல் செயற்கைக்கோள் சொன்னதுதான் கடைசியில் உண்மைக்குப் பக்கத்தில் நின்றது, விவசாயிகள் சொன்ன டிசம்பர் கணக்கு தவறியது. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கணக்கெடுப்புக்காக போன் வந்தால் எங்கள் முதலாளி "இப்போது நேரமில்லை" என்று வைத்துவிடுவார். பக்கத்துப் பண்ணைகளிலும் அதே கதைதான். பதில் சொல்லாமல் இருந்துவிட்டு எண் தப்பு என்று கத்துவதில் நியாயம் இல்லை என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் கோபத்தில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டியவர் விவசாயி ஒருவர்தான். தானியம் வாங்கும் பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆட்களை வயல் வயலாக அனுப்புகின்றன. எந்தக் கப்பலுக்கு எவ்வளவு விற்றாகிவிட்டது என்பது அவர்கள் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் ஏற்றுமதி விற்பனையை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அது எல்லோரும் பார்க்க வெளியாகிறது. கனடாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. விவசாயச் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. என்னைக் கேட்டால், செயற்கைக்கோள் கணக்கைச் சரிசெய்வதைவிட இதுதான் முதலில் நடக்க வேண்டும்.

2024 டிசம்பரில் 178 லட்சம் என்று வந்ததும், சரக்கு தட்டுப்பாடு, விலை ஏறும் என்று முதலாளி மூன்றில் ஒரு பங்கை விற்காமல் வைத்தார். மார்ச்சில் சீனா கனோலா எண்ணெய்க்கும் புண்ணாக்குக்கும் 100 சதவீத வரி போட்டது, விலை சரிந்தது. சீனா செய்ததற்குக் கணிப்பு பொறுப்பில்லை. ஆனால் காத்திருக்கலாம் என்று அவரை நினைக்க வைத்தது அந்த 178தான்.

இனி ரயில். எங்கள் பக்கமிருந்து வான்கூவர் துறைமுகம் 1,500 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் மலைத்தொடர். அந்தச் செலவு விவசாயி தலையில்தான் விழுகிறது. விலை உலகச் சந்தையில் நிர்ணயமாகிறது, அதிலிருந்து ரயில் கட்டணம், கையாளும் செலவு, வாங்குபவரின் லாபம் எல்லாம் போக மீதிதான் எங்கள் கைக்கு. கனோலாவில் இது பெரும்பாலும் தனிக் கணக்காகச் சீட்டில் வராது. முன்பேரச் சந்தை (futures) விலைக்கும் எங்களுக்குச் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளியில், 'பேசிஸ்' என்பார்கள், அதற்குள் அடங்கிவிடும். வான்கூவரில் மழை பெய்தால் கப்பலின் மூடியைத் திறந்து தானியம் ஏற்ற முடியாது. கப்பல் சும்மா நிற்கும் நாளுக்குத் தண்டம் கட்ட வேண்டும். அந்தத் தண்டமும் கடைசியில் பேசிஸை அகலப்படுத்தி எங்களிடமே வருகிறது. டன்னுக்கு 20 டாலர் அகன்றால், ஆயிரம் டன் விளைத்தவருக்கு 20,000 டாலர் போச்சு. அவர் அதை யாரிடம் போய் வசூலிப்பார்?

1897இல் போட்ட ஒரு ஒப்பந்தத்தால் தானியத்துக்கு ரயில் கட்டணம் வெகு காலம் குறைவாகவே இருந்தது. அந்தச் சலுகை 1995இல் முடிந்தது. இப்போது மேற்குப் பகுதித் தானியத்தில் கனடாவின் இரண்டு பெரிய ரயில் நிறுவனங்களும் ஈட்டும் மொத்த வருமானத்துக்கு வருடாந்தர உச்சவரம்பு இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், எடுத்துவிடக் கூடாது. ஆனால் அது வருமானத்துக்கு வரம்பு போடுகிறதே தவிர, ரயில் சொன்ன நாளில் வருவதற்கு உத்தரவாதம் தருவதில்லை.

கணிப்பும் ரயிலும் வேறு வேறு விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2013 ஆகஸ்டில் கனோலா 150 லட்சம் டன்னை ஒட்டி வரும் என்றார்கள். டிசம்பரில் பார்த்தால் 180 லட்சம். கோதுமையும் அதுவரை காணாத அளவு. இவ்வளவுக்கு வேகன் ஏற்பாடு யாரிடமும் இல்லை, அதோடு கடுங்குளிர் வேறு. தானியம் மாதக்கணக்கில் தேங்கியது. 2014 மார்ச்சில், ஒவ்வொரு ரயில் நிறுவனமும் வாரம் 5 லட்சம் டன் ஏற்றியே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவு போட வேண்டி வந்தது. அந்த வருடம் நான் இங்கே இல்லை, ஆனால் இன்றும் டீக்கடைப் பேச்சு மாதிரி அதைப் பேசுகிறார்கள்.

"விலை வரும்வரை வைத்திருந்து விற்கலாமே" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் இலையுதிர் காலத்திலேயே கழுத்தைப் பிடிக்கும். அதைச் சமாளித்தாலும், கனோலா எண்ணெய் வித்து, கொஞ்சம் ஈரமோ சூடோ உள்ளே தங்கினால் குதிருக்குள்ளேயே வேகத் தொடங்கிவிடும்.

2024 ஜனவரியில் ஒரு ராத்திரி எங்கள் இரும்புக் குதிர் ஒன்றில் வெப்பநிலை ஏறுவதாகக் காட்டியது. வெளியே மைனஸ் 35. மூடியைத் திறந்ததும் தீய்ந்த எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. சூடு ஆறட்டும் என்று மூன்றில் ஒரு பங்கை இறக்கி லாரியில் ஏற்றினோம். விடிந்ததும் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். அங்கே எடைமேடைக்கு முன்னாலேயே கை காட்டி நிறுத்தினார்கள். இந்தக் குளிரில் பிரேக்குக்குக் காற்றழுத்தம் நிற்காது என்று ரயிலின் நீளத்தைக் குறைத்துவிட்டார்களாம், வர வேண்டிய ரயிலும் வரவில்லை, உள்ளே இடமில்லை, அடுத்த வாரம் கூப்பிடுகிறோம் என்றார்கள். லாரியைத் திருப்பி, 40 டன்னையும் வீட்டுக்கே கொண்டுவந்து வேறொரு குதிரில் கொட்டினேன்.