மின்சூளைக்குக் கடன் வாங்குமுன் நாத்தனாரின் பாக்கியைப் பாருங்கள்

கேள்வி (சுருக்கமாக): எனக்கு வயது 41. சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடும்பத்துடன் வசிக்கிறேன். அலுவலக நிர்வாகப் பணியில் இருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக வீட்டிலேயே சக்கரத்தில் மண்பாண்டங்கள் செய்கிறேன். ஓராண்டாக மாதம் 16 கோப்பைகள் வரை, ஒன்று 28 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்கிறேன். உறவினர் விசேஷங்களுக்கும் செய்து கொடுக்கிறேன். சென்ற ஆண்டு நாத்தனார் மகள் திருமணத்துக்கு 150 அகல் விளக்குகள் செய்தேன்; இப்போது அவளுடைய வளைகாப்புக்கு 80 கிண்ணங்கள் கேட்கிறார்கள். கடன்பற்று அட்டையில் 4,800 வெள்ளி நிலுவை இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையைத்தான் கட்டிவருகிறேன். அவசரத்துக்கென்று 11,000 வெள்ளி வங்கியில் வைத்திருக்கிறேன். பாண்டங்களைச் சுடச் சொந்தமாக மின்சூளை வாங்க 9,000 வெள்ளி தனிநபர் கடன் எடுக்கும்படி கொழுந்தன் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மின்சூளையைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது, நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த 150 விளக்குகள்தான்.

விளக்கு ஒன்றுக்கு 6 வெள்ளி வீதம் 900 வெள்ளி பேசியதாகவும், மண்ணுக்கும் சுடுகூலிக்கும் (பிறர் சூளையில் சுடுவதற்கான கட்டணம்) பெட்டிக்குமாக 780 வெள்ளியை அட்டையில் செலவழித்ததாகவும், நாத்தனார் 300 வெள்ளி கொடுத்து எட்டு மாதம் ஆகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் 120 வெள்ளி இலாபம் என்று தெரிகிறது. ஆனால் நீங்கள் செலவழித்ததில் இன்னும் திரும்பாத 480 வெள்ளி, ஆண்டுக்கு ஏறத்தாழ 27 விழுக்காடு வட்டியில் அட்டையிலேயே கிடக்கிறது. எட்டு மாதத்துக்கு அதன் வட்டி சுமார் 86 வெள்ளி. மீதி 34 வெள்ளிக்காக நாற்பது மணி நேரம் உழைத்திருக்கிறீர்கள். அதுவும் பாக்கி 600 வெள்ளி முழுமையாக வந்து சேர்ந்தால்தான். வங்கியிடம் 27 விழுக்காட்டுக்கு வாங்கி, உறவினருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறீர்கள் என்பதே இதன் பொருள். முன்பணம் வாங்காமல் மண்ணில் கைவைக்கும் இந்தப் பழக்கம் இருக்கும்வரை, எத்தனை கோப்பைகள் விற்றாலும் பக்கத்தொழில் தலைதூக்காது.

அட்டைக் கடன் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்று பாருங்கள். 28 வெள்ளிக் கோப்பையில் மண்ணுக்கும் மெருகுப் பூச்சுக்கும் 4, இருமுறை சுடுவதற்கு 5, பெட்டிக்கும் சந்தைக் கட்டணத்துக்கும் 3, விரிசல் விட்டு வீணாகும் பாண்டங்களுக்காக 2 வெள்ளி என்று கழித்தால், 14 வெள்ளி உங்கள் கையில் நிற்கும். அட்டை நிலுவை 4,800 வெள்ளிக்கு மாத வட்டி சுமார் 108 வெள்ளி. ஆக, மாதம் விற்கும் 16 கோப்பைகளில் ஏறக்குறைய எட்டு, வட்டி கட்டுவதற்கென்றே செய்யப்படுகின்றன. அந்த எட்டையும் நீங்கள் வேலை முடிந்து வந்து, இரவில் கண்விழித்துச் செய்கிறீர்கள் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே, வங்கியில் இருக்கும் 11,000 வெள்ளியிலிருந்து 4,800 வெள்ளியை எடுத்து இந்த மாதமே அட்டையை முழுமையாக அடைத்துவிடுங்கள். அந்தச் சேமிப்புக்கு ஒரு விழுக்காடுகூட வட்டி வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீதமுள்ள 6,200 வெள்ளி, வீட்டுச் செலவில் உங்கள் பங்கான மாதம் 2,000 வெள்ளிக்கு மூன்று மாதம் தாங்கும். நிலுவையை வேறு வங்கிக்கு வட்டியின்றி மாற்றித் தருவதாக முகவர்கள் உங்களை அழைக்கக்கூடும். அதற்குப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே கட்டணம் உண்டு. சலுகைக் காலம் முடிந்ததும் மீதித் தொகைக்கு அந்த வங்கியின் வழக்கமான உயர்ந்த வட்டி வந்துவிடும். கையில் பணம் வைத்திருக்கும் உங்களுக்கு அது தேவையே இல்லை.

இனி மின்சூளை. கொழுந்தன் சொல்லும் '4 விழுக்காடு' நிலையான வட்டி. ஐந்தாண்டில் 1,800 வெள்ளி வட்டியும் சேர்ந்து மாதத் தவணை 180 வெள்ளி ஆகும். அசல் மாதந்தோறும் குறைந்தாலும் வட்டி முதல் தொகைக்கே கணக்கிடப்படுவதால், உண்மையான வட்டி விகிதம் ஏழரை விழுக்காட்டை ஒட்டி வரும். இப்போது சுடுகூலியாக நீங்கள் கொடுப்பது மாதம் 90 வெள்ளிக்குள்தான். 90 வெள்ளியை மிச்சப்படுத்த 180 வெள்ளியும் மின்கட்டணமும் கட்டச் சொல்லும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். மேலும், வீவக வீட்டில் சிறுதொழில் செய்ய அனுமதி இருந்தாலும், வீட்டு உபயோகத்துக்கு உரியதல்லாத கனரகச் சாதனங்களுக்கு அதில் இடமில்லை. எனவே வீவகவிடம் எழுத்தில் கேட்காமல் சூளைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சொந்தச் சூளை இருந்தால்தான் குயவர் என்ற எண்ணமும் வேண்டாம். லோரோங் தாவாஸில் 1940ஆம் ஆண்டு கட்டப்பட்ட தவ் குவாங் டிராகன் சூளை எனும் நீண்ட விறகுச் சூளையில் இன்றும் பலருடைய பாண்டங்கள் ஒன்றாக அடுக்கப்பட்டே சுடப்படுகின்றன.

விற்பனையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். தீபாவளிக்கு முன் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் இந்தியாவிலிருந்து வரும் அகல் விளக்குகள் குவிந்துவிடும். அந்த விலைக்கு உங்களால் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. உங்கள் பலம் கோப்பைகளில்தான். இந்தத் தொழிலில் கிடைக்கும் வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அதன் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) சந்தாவும் உண்டு. பற்றுச்சீட்டுகளை ஐந்தாண்டு பத்திரப்படுத்துங்கள்.

வளைகாப்புக் கிண்ணங்களுக்கு வருவோம். நாத்தனாரிடம் நேரில் பேசத் தயக்கமாக இருந்தால், இப்படி ஒரு குறுந்தகவல் அனுப்புங்கள்: "அக்கா, கல்யாண விளக்குகளுக்கு 600 வெள்ளி பாக்கி இருக்கிறது. அதுவும் கிண்ணங்களுக்குப் பாதிப் பணமும் வந்த பிறகுதான் மண் வாங்க முடியும். இந்த முறை அட்டையில் போட எனக்கு வழியில்லை." அவர் மனம் நோகலாம். நாத்தனார் மகளுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க ஆசையிருந்தால், நான்கைந்து கிண்ணங்களை உங்கள் சொந்தச் சம்பளத்தில் செய்து, பரிசு என்று சொல்லியே கொடுங்கள். மீதி 75 கிண்ணங்களுக்கான பாதிப் பணம் வளைகாப்புக்கு ஆறு வாரம் முன்பே வந்து சேரவேண்டும். காய்ந்து, இருமுறை சுட்டு முடிய உங்களுக்கு அவ்வளவு நாளாகும்.