பஸ்ஸிலேயே குமட்டுகிறவர் பாம்பனில் படகு ஏறலாமா?

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வருவதற்குள் பஸ்ஸிலேயே குமட்டிவிடுகிறது, குடும்பத்தோடு படகில் போகலாமா, வெறும் வயிற்றோடு ஏறினால் தப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் வெறும் வயிறு வேண்டாம். குமட்டல் கூடத்தான் செய்யும். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பரோட்டா, சால்னா எல்லாம் கரைக்குத் திரும்பிய பிறகு.

உண்மையில் வயிற்றின் மேல் குற்றமே இல்லை. உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போதெல்லாம் அவற்றிலுள்ள திரவம் அசைந்து மூளைக்குத் தகவல் போகிறது. அதே நேரத்தில் கண் செல்போன் திரையில் பதிந்திருந்தால், 'எதுவும் அசையவில்லையே' என்கிறது. இந்த முரண்பாடுதான் வாந்தியில் முடிகிறது. உட்காதின் சமநிலை உறுப்பு அடியோடு செயலிழந்தவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதே இல்லை. ஓட்டுநருக்கும் வருவது அபூர்வம். வளைவும் பள்ளமும் அவர் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன.

பரமக்குடி தாண்டினால் கொடைக்கானல் மலைப்பாதை போல வளைவுகளா இருக்கின்றன? பெரும்பாலும் நேர்சாலைதான். அதிலும் குமட்டுகிறது என்றால் கடைசி இருக்கையின் குலுக்கலையும் செல்போனையும்தான் முதலில் சந்தேகப்படுவேன். முன்பக்கம் உட்கார்ந்து சாலையைப் பாருங்கள்.

படகு விஷயம் கொஞ்சம் வேறு. எங்கள் ஊரில் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது ஆண் கடல் கொந்தளிக்கும். மறுபுறம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்தால் பெண் கடலும் தன் குணத்தைக் காட்டிவிடும். அதனால் டிக்கெட் எடுக்கும் முன் எந்தப் பக்கத்துக் கடல், காற்று எப்படி என்று படகுக்காரரிடம் கேளுங்கள். காலை நேரமே நல்லது.

படகில் அணியத்தில், அதாவது முன்முனையில், உட்கார எல்லோருக்கும் ஆசை. அதிகம் தூக்கிப்போடுவதும் அங்கேதான். நடுவில் உட்காருங்கள், டீசல் புகை வராத பக்கமாக. பவளப்பாறை பார்க்கக் கண்ணாடித் தளம் வைத்த படகில் ஏறினால் கூடுதல் கவனம் தேவை. எல்லோரும் குனிந்து கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். திடீரென்று ஒருவர் முகம் வெளுக்கும், நெற்றி வியர்க்கும், வாயில் எச்சில் ஊறும். அப்போதே நிமிர்ந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். மீனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பஸ் நிலையத்தில் விற்கும் இஞ்சி மரப்பா சிலருக்குக் கேட்கிறது. எலுமிச்சம்பழத்தை மோந்தால் டீசல் வாடை தெரியாது, அவ்வளவுதான் என்பது என் கட்சி. அவோமின் போன்ற மாத்திரையை ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். தூக்கம் வரும் என்பதால் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. கர்ப்பிணிகளும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் வாந்தி வந்தே தீருவேன் என்றால், படகுக்காரரிடம் சொல்லிவிட்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காற்று போகும் திசைப் பக்கமாகக் குனியுங்கள். காற்று வரும் பக்கம் குனிந்தால் உடன் வந்தவர்கள் பாவம்.