ஆவணப்பட நிறுவனத்தில் கேமராவைத் தவிர என்ன வேலை இருக்கிறது?

கேள்வி: விஸ்காம் முடித்திருக்கிறேன். சென்னையில் ஒரு சிறிய சுயாதீன ஆவணப்பட நிறுவனத்தில் தயாரிப்பு உதவியாளராகக் கூப்பிடுகிறார்கள். கேமராவும் லேப்டாப்பும் இருந்தால் ஆவணப்படத்தைத் தனியாகவே எடுத்துவிடலாமே. அப்படியிருக்க இந்த நிறுவனங்கள் என்னதான் செய்கின்றன? சேரலாமா?

பதில்:

அப்படியொரு நிறுவனத்தில் தயாரிப்பு வேலையைத்தான் நானும் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தனியாக எடுக்கலாம். நல்ல படங்களை அப்படி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்து, தொடங்கிப் பாதியில் நின்றுபோன ஆவணப்படங்கள்தான் ஏராளம். ஆள் கிடைத்திருப்பார், கதை கிடைத்திருக்கும், ஃபுட்டேஜும் மணிக்கணக்கில் சேர்ந்திருக்கும். அப்புறம் காசு தீரும், வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள், வேறு வேலை வரும், ஹார்ட் டிஸ்க் பீரோவுக்குள் போய்விடும். அந்த நிலைமை வராமல் ஒரு படத்தை வருடக்கணக்கில் தாங்கிப் பிடிப்பதுதான் நிறுவனத்தின் வேலை. மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

சிகாகோவில் கார்டெம்குவின் பிலிம்ஸ் என்று ஒரு நிறுவனம் 1966 முதல் இயங்கி வருகிறது. லாப நோக்கம் இல்லாதது. கூடைப்பந்தில் பெரிய ஆளாக வரவேண்டும் என்று கனவு காணும் கறுப்பினச் சிறுவர்களைப் பற்றி, பொதுத் தொலைக்காட்சிக்கு ஓர் அரை மணி நேரப் படம் எடுக்கலாம் என்றுதான் மூன்று பேர் அங்கே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். அது ஐந்து வருடம் இழுத்தது. சுமார் 250 மணி நேரம் ஃபுட்டேஜ் சேர்ந்தது. கடைசியில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் படமாக, 'ஹூப் ட்ரீம்ஸ்' என்ற பெயரில், 1994-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது. இடையில் ஒரு பையனுக்குக் கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளியை விட்டுப் போக வேண்டியிருந்தது. இன்னொருவனுக்கு முழங்காலில் அடிபட்டது. படத்தின் உயிரே அந்த இரண்டும்தான். அரை மணி நேரப் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டியிருந்தால் இரண்டுமே கிடைத்திருக்காது. கூடவே இருந்ததால் கிடைத்தன. அப்படிக் கூடவே இருப்பதற்கு எடிட் அறை வேண்டும், கருவி வேண்டும், "இந்த வருடமும் முடியவில்லையா, பரவாயில்லை" என்று சொல்லும் ஆட்கள் வேண்டும்.

சரி, காசு எங்கிருந்து வருகிறது? இதைத்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் சம்பளமும் அங்கிருந்துதான் வரப்போகிறது. எங்களைப் போன்ற நிறுவனங்களின் வாடகையும் சம்பளமும் பெரும்பாலும் ஆவணப்படத்திலிருந்து வருவதில்லை. தொண்டு நிறுவனங்களுக்கான சிறு படங்கள், கம்பெனிகளின் ஆண்டு விழா வீடியோ, வெளிநாட்டுச் சேனல்கள் இங்கே வந்து எடுக்கும்போது உள்ளூர் ஏற்பாடு, இவையெல்லாம் அடுப்பை எரிய வைக்கும். நம்முடைய சொந்தப் படத்துக்கு நிதி துண்டு துண்டாக வரும். பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா ஆவணப்பட விழாவின் பெர்தா நிதி, சன்டான்ஸ் ஆவணப்பட நிதி போன்றவற்றுக்கு விண்ணப்பம் எழுதுவோம். கொல்கத்தாவில் டாக்எட்ஜ் என்ற பிட்ச் அரங்கு நடக்கிறது. அங்கே சில நிமிட டிரெய்லரையும் பட்ஜெட்டையும் வைத்துக்கொண்டு, சேனல்காரர்கள் முன்னால் நம் படத்தைப் பற்றிப் பேச வேண்டும். அரசுப் பக்கம் 1948-இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் இருந்தது. 2022-இல் அதைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். வெளிநாட்டு நிதி என்றால் அந்நியப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே நிற்கும். மானியமா, ஒளிபரப்பு உரிமைக்கான விலையா என்று ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். நல்ல ஆடிட்டர் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது.

விண்ணப்பம் எழுதுவதைச் சலிப்பான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். யாரைப் பற்றி எடுக்கிறோம், ஏன் இப்போது, ஏன் நாம் எடுக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதி எழுதித்தான் இயக்குநருக்கே தன் படம் பிடிபடும். எங்கள் அலுவலகத்தில் அது பல முறை நடந்திருக்கிறது.

படப்பிடிப்புக்கு வருகிறேன். தூத்துக்குடி உப்பளங்களில் நாங்கள் எடுத்த ஒரு படத்தை வைத்துச் சொன்னால் புரியும். உப்பளத்தில் விடியும் முன்பே வேலைக்கு இறங்கிவிடுவார்கள், வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளையைக் கண்கொண்டு பார்க்க முடியாது. கேமராவுக்கும் அதே பாடுதான்: முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் உப்பு வெளிறிப்போகும், உப்புக்கு வைத்தால் முகம் கறுத்துவிடும். காற்றில் உப்பு இருப்பதால் முக்காலி மூட்டு முதல் கேபிள் முனை வரை தினமும் துடைத்து வைக்க வேண்டும். அதோடு, வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்தியெல்லாம் குளமாகக் கிடக்கும். வேலையும் இருக்காது, கூலியும் இருக்காது. அந்த மாதங்களை எடுக்காமல் உப்பளத்துப் படம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை, மறுபடி பாத்தி கட்டும்போது ஒரு தடவை என்று போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே குழு, அதே முகங்கள் போனால்தான் அங்கே இருப்பவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். அந்தத் தேதிகளுக்கு ஒளிப்பதிவாளரையும் ஒலிப்பதிவாளரையும் பிடித்து வைப்பது தயாரிப்பு ஆளின் வேலை.

அங்கே ஓர் ஆச்சியிடம் பேசி முடித்தோம். காலர் மைக்கைக் கழற்றுவதற்கு முன்னால் ஒலிப்பதிவாளர் எல்லோரையும் ஒரு நிமிடம் அப்படியே அசையாமல் நிற்கச் சொன்னார். ஆச்சி சுற்றிலும் பார்த்துவிட்டு, "என்னய்யா, எல்லாரும் வாயை மூடிட்டு நிக்கீங்க?" என்று கேட்டார். அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்கிறோம் ஆச்சி, நடுவில் நீங்கள் இருமியதை வெட்டினால் அந்த ஓட்டையை இதை வைத்து அடைக்கலாம் என்று சொன்னோம். உடனே அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களோடு நின்றார். படம் எடுப்பவர், எடுக்கப்படுபவர் என்ற பிரிவு கொஞ்ச நேரத்துக்கு இல்லாமல் போய்விட்டது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயங்களில் அதுவும் ஒன்று.

அப்புறம் ஒப்புதல் படிவம். உரிமையைக் கொடுக்கிறேன் என்று ஆளிடம் கையெழுத்து வாங்கும் தாள். வெளிநாட்டுச் சேனல்கள் அனுப்பும் படிவங்கள் ஆங்கிலத்தில், வக்கீல் நடையில் இருக்கும். நாங்கள் அதைப் பேச்சுத் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். வாசித்துக் காட்டி, கேமராவிலும் பதிவு செய்வோம். இந்தப் படம் எங்கெங்கே ஓடும், செல்போனில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், முதலாளியும் பார்க்கலாம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆச்சியின் மகள் பிறகு ஒரு நாள் போன் செய்து, மேஸ்திரியைப் பற்றி அம்மா சொன்னது மட்டும் வேண்டாம் என்றார். அழுத்தமான இடம்தான், ஆனாலும் எடுத்துவிட்டோம். நாம் வண்டி ஏறிச் சென்னைக்கு வந்துவிடுவோம், அவர் மறுநாள் அதே மேஸ்திரியிடம்தான் வேலைக்குப் போக வேண்டும். சட்டப்படி கையெழுத்து நம் கையில் இருந்தது என்பதெல்லாம் அங்கே செல்லாது.

சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் உங்கள் வேலை தொடங்கும். கேமராவின் மெமரி கார்டுகளை இரண்டு டிஸ்க்கில் ஏற்றி, ஒவ்வொரு கோப்பும் திறக்கிறதா என்று பார்த்து, மூன்றாவது பிரதி சென்னைக்குப் போய்ச் சேரும்வரை கார்டை அழிக்கக் கூடாது. தேதி, இடம், ஆள், என்ன பேசினார் என்று லாக் எழுத வேண்டும். பேட்டி முழுவதையும் வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு செய்ய வேண்டும். இப்போது மென்பொருள் உண்டு, ஆனால் வட்டாரத் தமிழில் அது தடுமாறுகிறது. எடிட்டர் அந்தத் தாள்களை வைத்துத்தான் படத்தைக் கட்டுவார்.

எடிட்டின்போது முளைக்கும் தலைவலி உரிமை. டீக்கடையில் ஒருவர் மிக முக்கியமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார், பின்னால் எப்.எம்.மில் சினிமாப் பாட்டு ஓடும். அந்தப் பாட்டுக்கு உரிமை வாங்காமல் சர்வதேசச் சேனலுக்குப் படத்தைக் கொடுக்க முடியாது. பேச்சையும் பாட்டையும் சுத்தமாகப் பிரிப்பதும் எளிதல்ல. அதனால் பேட்டி தொடங்குமுன் ரேடியோவை நிறுத்தச் சொல்லிக் கேட்பதும் உதவியாளரின் பொறுப்பு. பழைய செய்திப் படச் சுருள் வேண்டும் என்றால் நொடிக் கணக்கில், நிமிடக் கணக்கில் விலை சொல்வார்கள். ஒவ்வொரு புகைப்படத்துக்கும் யாரிடம் வாங்கியது, எந்த நாடுகளுக்கு, எத்தனை வருடத்துக்கு என்று ஆவணம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், உரிமை வழக்கு வந்தால் ஈடுகட்டும் காப்பீடு கிடைக்காது. காப்பீடு இல்லையென்றால் பெரிய சேனல்கள் படத்தைத் தொடவே மாட்டார்கள்.

தணிக்கை இன்னொரு பெரிய கதை. 1952-ஆம் ஆண்டின் சினிமட்டோகிராஃப் சட்டப்படி, பொது இடத்தில் திரையிட ஆவணப்படத்துக்கும் சான்றிதழ் வேண்டும். மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவின் 2004-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு, இந்தியப் படங்கள் மட்டும் சான்றிதழோடு வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். நாடு முழுவதும் இயக்குநர்கள் எதிர்த்தார்கள். நிபந்தனை விலகியது, ஆனால் பல முக்கியப் படங்கள் தேர்வில் கழிந்தன. எதிர்த்த இயக்குநர்கள் விழா அரங்குக்கு எதிரிலேயே 'விகல்ப்' என்ற பெயரில் தாங்களே திரையிட்டார்கள். ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் 1995-இல் முடித்த 'ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்' தேசிய விருது பெற்ற படம். தூர்தர்ஷன் காட்ட மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், ஒளிபரப்ப வேண்டும் என்ற தீர்ப்பு 2006-இல்தான் வந்தது. படம் முடிந்து பதினோரு வருடம் கழித்தும் அதற்காக ஒருவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார். இதுவும் தயாரிப்பு வேலைதான்.

திரையிடலும் அப்படித்தான். மதுரையில் மறுபக்கம் அமைப்பு 1998 முதல் ஆவணப்பட விழா நடத்திவருகிறது. அதுபோன்ற இடங்களில் படம் முடிந்தபின் நடக்கும் விவாதங்களை நீங்கள் ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும். எங்கள் வழக்கம், விழாவுக்கு அனுப்புவதற்கு முன் படத்தில் இருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டிவிடுவது.

கடைசியாக, எடுத்த படத்தைப் பாதுகாத்து வைப்பது. நம்மில் பலர் மறந்துவிட்ட ஒரு முன்னோடி கோட்டையூர் ஏ. கே. செட்டியார். நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில், 1937 அக்டோபர் 2 அன்று, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அதற்காக டாகுமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்று கம்பெனியே தொடங்கினார். ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் அலைந்து, உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த காந்தி காட்சிகளில் 50,000 அடி ஃபிலிம் சேர்த்தார். ஒலிப்படத்தின் வேகத்தில் கணக்குப் போட்டால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வரும். அதிலிருந்து 12,000 அடிக்குத் தொகுத்து 1940-இல் தமிழில் வெளியிட்டார். பிறகு தெலுங்கு, இந்தி, 1953-இல் அமெரிக்காவில் ஆங்கிலம் என்று வடிவங்கள் வந்தன. இவ்வளவு பாடுபட்டு எடுத்த அந்தத் தமிழ்ப் படம் இன்று நம்மிடம் இல்லை. ஆங்கில வடிவம் ஒன்றை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி பல வருடம் கழித்து அமெரிக்காவில் தேடிப்பிடித்தார். அந்தச் சுருள்களைக் காப்பாற்ற நிலையான ஒரு நிறுவனமும் குளிரூட்டிய ஓர் அறையும் தொடர்ந்து இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சேரலாமா என்று கேட்டீர்கள். சேருங்கள். ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் அவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முடித்த படங்களின் ரஷஸ், அதாவது வெட்டாத மூலக் காட்சிகள், இப்போது எங்கே, எத்தனை பிரதி இருக்கிறது? படத்தில் வந்தவர்களுக்குப் படத்தைக் காட்டினீர்களா? தயாரிப்பு உதவியாளர் பெயர் டைட்டிலில் வருமா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னால், சம்பளம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் போய்ச் சேருங்கள். முதல் கேள்விக்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், வேறு இடம் பாருங்கள்.