சிங்கப்பூரில் டாய் பூடில் குட்டி வாங்க நல்ல பிரீடரை எப்படிக் கண்டுபிடிப்பது?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, முதல் நாய், டாய் பூடில் வாங்க ஆசை, எந்த பிரீடரை, அதாவது நாய்களை இனப்பெருக்கம் செய்து குட்டி விற்பவரை, நம்பிப் பணம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு தடவை ஏமாந்துவிட்டு, இரண்டாம் தடவை ஒழுங்காக வாங்கியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் குட்டியை இணைய விளம்பரம் பார்த்து வாங்கினோம். கடை விலையில் பாதி. தாயைப் பார்க்க வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். "மாமியாருக்கு உடம்பு சரியில்லை, நானே கொண்டுவந்து தருகிறேன்" என்றார் விற்றவர். உட்லண்ட்ஸில் ஒரு கார் நிறுத்துமிடத்தில், இரவு ஒன்பது மணிக்கு, சீனப் புத்தாண்டு ஆரஞ்சு வந்த அட்டைப்பெட்டியில் குட்டி கைமாறியது. ஊசி அட்டையில் ஸ்டிக்கர் ஓரம் சுருண்டு, வேறெங்கோ உரித்து ஒட்டியதுபோல் இருந்தது. கிளினிக் முத்திரையும் இல்லை. கவனிக்காமல் இல்லை, கவனித்தேன். ஆனால் அதற்குள் என் மகள் பெயர் வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் சாப்பாடு நின்றது. ஐந்தாம் நாள் இரத்தக் கழிச்சல். பார்வோ வைரஸ், நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் தொற்று. தொற்றிய மூன்று முதல் ஏழு நாளில் அறிகுறி தெரியும் என்றார் மருத்துவர். குட்டி வரும்போதே நோயைக் கொண்டுவந்திருக்க வேண்டும். தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவியை முதுகில் தேய்த்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மலேசியாவிலிருந்து, கடத்தி வந்த குட்டியாக இருக்கலாம் என்றார். 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத ஊர் இது, அதனால் கடத்தலை இங்கே விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. குட்டி பிழைக்கவில்லை. விற்றவரின் நம்பர் அதற்குள் செத்திருந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் உரிமம். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் வரும் ஏவிஎஸ் (விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை) இணையத்தளத்தில் உரிமம் பெற்ற கடைகள், பிரீடர்கள் பட்டியல் உண்டு. அதில் இல்லாதவரோடு பேச்சே வேண்டாம். கூடவே வீவக அனுமதித்த இனப் பட்டியலையும் பாருங்கள். டாய் பூடில் அதில் இருக்கிறது. ஆனால் கடையில் கோர்கியைப் பார்த்து மனம் மாறிவிடாதீர்கள். கோர்கி பட்டியலில் இல்லை, அபராதம் 4,000 வெள்ளி வரை போகும்.

உரிமம் இருந்தாலே நல்லவர் என்று அர்த்தம் இல்லை, அது வாசல்படி மட்டும்தான். அப்புறம் நேரில் போக வேண்டும். பாசிர் ரிஸில் இருந்த நாய்ப் பண்ணைகள் பல இப்போது சுங்கை தெங்காவில் இருக்கின்றன. நாங்கள் போனது ஒரு சீன ஆன்ட்டியிடம். குட்டியைக் காட்டுவதற்கு முன் எங்களைத்தான் விசாரித்தார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், அம்மாவுக்கு நாய் பிடிக்குமா (சாமி மாடம் இருக்கும் கூடத்துக்குள் விடக்கூடாது என்று அம்மா போட்ட நிபந்தனையை ஒப்புக்கொண்டேன்), முடி வெட்ட மாதம் எவ்வளவு ஆகும் தெரியுமா என்று. முதல் குட்டியின் கதையைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "எத்தனை மாதம் ஆச்சு? தரையை பிளீச் போட்டுத் துடைத்தீர்களா? அந்த மெத்தையைத் தூக்கிப் போட்டீர்களா?" பார்வோ வீட்டுக்குள் மாதக்கணக்கில் தங்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. தன் குட்டி போகிற தரையைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு நம்பிக்கை வந்த இடம் அது.

அப்புறம் தாயைக் காட்டினார். பால்காம்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, வால் ஆடியது, நேராக வந்து என் கையை முகர்ந்தது. தாய் மூலையில் போய் ஒடுங்கினால் எனக்குச் சந்தேகம் வரும். குட்டிகள் குணத்தைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்ளும், பயத்தையும் சேர்த்து. வயதென்ன, இது எத்தனையாவது ஈத்து என்று கேட்டேன். யோசிக்காமல் நோட்டைத் திறந்து காட்டினார்.

பூடிலுக்குக் குறிப்பாக இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, முழங்கால் சில்லு நழுவுவது. மருத்துவர் கையால் அழுத்தியே பார்த்து ஒன்று முதல் நான்கு வரை நிலை சொல்வார். தாய் தந்தை இரண்டுக்கும் பார்த்திருக்க வேண்டும். இன்னொன்று, பிஆர்ஏ என்கிற கண் நோய். விழித்திரை மெல்ல அழிந்து பார்வை போய்விடும். பூடில்களில் அதிகம் வரும் வகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்தால்தான் தாக்கும். அறிகுறி தெரிய சில வருடம் ஆகும், அதற்குள் அந்த நாய் பல குட்டி போட்டிருக்கும். அதனால் "அம்மா அப்பா இரண்டும் ஆரோக்கியமாத்தான் இருக்கு" என்ற பதில் போதாது. டிஎன்ஏ பரிசோதனை முடிவைக் காகிதத்தில் கேளுங்கள். கென்னல் கிளப் சான்றிதழை நீட்டினால், அது வம்சாவளிக்குத்தான், உடல்நலத்துக்கு இல்லை.

'டீகப்' என்று சொல்லி விலை ஏற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஓர் இனமே கிடையாது. மிகச் சிறிய குட்டிக்கு ஒரு வேளை சாப்பாடு தப்பினாலே சர்க்கரை இறங்கிவிடும்.

ஆன்ட்டி அன்றைக்குக் குட்டி தரவில்லை. "இந்த வருஷம் மகளுக்கு பிஎஸ்எல்இ-யா? அடுத்த ஈத்துக்கு வாங்க" என்று, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வைக் காரணம் காட்டி அனுப்பிவிட்டார். ஏழு மாதம் காத்திருந்தோம். இப்போது அவர் தொழிலை விட்டுவிட்டார், அதனால் நம்பர் கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம்.

ஒன்று மட்டும்: ஒரே நாளில் இரண்டு பண்ணைக்குப் போகாதீர்கள். செருப்பிலேயே வைரஸ் போகும்.